இரைச்சலின் காந்தாரம்

அப்பா எங்களுக்கு அனுப்பிய கடைசி ஒலிக்கடிதம் 1997இல் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறையில் பதிவானது. அறுபது நிமிடக் கசெற். முதல் பக்கம் முழுக்க அவருடைய பேச்சு. யாருக்குக் கலியாணம் முடிந்தது, கிணற்றடித் தென்னை இன்னும் நிற்கிறதா, என்னுடைய படிப்பு, அக்காவின் உடம்பு. இரண்டாம் பக்கத்தில் ஒன்பதாவது நிமிடத்தில், “சரி பிள்ளையள், இதோட நிப்பாட்டுறன்” என்கிறார். பொத்தானைச் சரியாக அமத்தவில்லைப் போலிருக்கிறது. கதிரை இழுபடுகிறது, ஒரு செருமல், கதவு சாத்தப்படுகிறது. அதன் பிறகு ரியூப்லைற்றின் இரைச்சல் மட்டும். கசெற் முடியும்வரை, இருபது நிமிடத்துக்கும் மேலாக, ஆளில்லாத அந்த அறை இரைந்துகொண்டே இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் ஒரு மாசி மாத இரவு, கனடாவில், கியூபெக்கின் லவாலில் எங்கள் வீட்டு நிலக்கீழ் அறையில் இருந்து அந்தக் கசெற்றைக் கணினிக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். அக்காவுக்கும் இலண்டனில் இருக்கும் தம்பிக்கும் ஆளுக்கொரு பிரதி கொடுக்கவேணும் என்று நினைப்பு. இரைச்சலை எடுத்துவிட்டால் குரல் தெளியும். ஒலித்தொகுப்பு மென்பொருளில் அதற்கு வசதி உண்டு. அகற்றப்போகிற சத்தத்தைத் தனியே கேட்டுப் பார்க்கவும் முடியும். எதை எறியப்போகிறேன் என்று ஒருதரம் கேட்போமே என்று அதை அழுத்தினேன். அப்பாவின் குரல் போய், அறை மட்டும் வந்தது.

அப்போதுதான் இன்னொன்றும் காதில் பட்டது. மேசையில் இருந்த என் பழைய அம்பிளிஃபயரும் இரைந்துகொண்டிருந்தது. வருடக்கணக்காக இரைகிறது, காது அதைக் கேட்பதை விட்டுக் கனகாலம். இரண்டு இரைச்சலும் சேர்ந்தபோது, யாரோ ஆலாபனைக்கு முன் சுருதி பார்த்துக்கொண்டிருக்கிற ஒரு வீட்டு வாசலில் நிற்பதுபோல் இருந்தது. அளந்து பார்த்தேன். கசெற்றில் இருந்தது ஏறக்குறைய 100 ஹெர்ட்ஸ். மேசையில் 120.

காரணம் எளிது. இலங்கையில் மின்சாரம் செக்கனுக்கு 50 சுற்று அலைகிறது; வட அமெரிக்காவில் 60. விளக்கின் சோக்கும் மின்மாற்றியும் அதன் இருமடங்கில் இரையும். 120க்கும் 100க்கும் உள்ள விகிதம் 6:5. ஷட்ஜத்துக்கும் சாதாரண காந்தாரத்துக்கும் உள்ள விகிதமும் அதுவே. தோடியிலும் கரகரப்பிரியாவிலும் வருகிற காந்தாரம். வெள்ளவத்தையின் மின்சாரத்தை ஷட்ஜமாக வைத்தால் கியூபெக்கின் மின்சாரம் அதன் காந்தாரமாக நிற்கிறது. ரேப்பின் ஓட்டத்தில் சற்றுப் பிசகு இருந்தது. அதனால் ஷட்ஜம் லேசாக அசைய, அதன்மேல் காந்தாரமும் அசைவதுபோல் கேட்டது. அசையாத காந்தாரம் நமக்கு எதற்கு?

குரலைத் துப்புரவாக்கிப் பிரதி எடுத்துக் கொடுத்தேன். இரைச்சலை நான் வைத்துக்கொண்டேன். பதினொரு நிமிடம் நீளும் ஓர் இசைத்துண்டு அதிலிருந்து வந்தது.

இலத்திரனியல் இசை என்று ஈழத்தில் சொல்கிறோம், மின்னணு இசை என்று தமிழ்நாட்டில் சொல்கிறார்கள். பெயர் எதுவானாலும் நம்மவர் மனதில் அது இரவு விடுதியில் பிறத்தியார் ஆடுகிற அடி. எனக்கு அது சைக்கிளில் தொடங்கியது. 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பற்றறி கொண்டுவரத் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சில்லில் பொருத்தி, கையால் பெடலைச் சுற்றுவோம். பெரியண்ணன் நாலு டயோட்டை ஒட்டவைத்து அந்த மின்சாரத்தைக் கசெற் பெட்டிக்கு ஏற்றதாக்கித் தந்திருந்தார். சுற்றுவது என் வேலை. வேகம் சரியாக இருந்தால் யேசுதாஸ் யேசுதாஸாக இருப்பார். கை களைத்தால் பாட்டும் களைக்கும். குரல் இழுபட்டுத் தாழ்ந்து, கிணற்றுக்குள் இறங்குகிறவர் பாடுவதுபோல் ஆகும். அக்கா கத்துவாள். நான் மறுபடி வேகமெடுக்க, குரல் மேலேறி வந்து சுருதியில் நிற்கும். சில வேளை வேணுமென்றே மெதுவாகச் சுற்றுவேன். அந்த இறக்கத்தில் இருந்த துக்கம் பாட்டில் இருந்த துக்கத்தைவிடப் பெரிதாக இருந்தது. ஒலி என்பது மின்சாரம், மின்சாரம் என்பது ஒருவருடைய கை என்று பத்து வயதில் எனக்குத் தோள்வலி சொல்லித் தந்தது. பிற்காலத்தில் ஒரு சிந்தசைசரில் சுருதியை வளைக்கும் சில்லைத் தொட்டபோது அந்நியமாகத் தோன்றவில்லை.

வானொலியும் அப்படித்தான். இரவில் பிபிசி தமிழோசையைப் பிடிக்க அப்பா சிற்றலையில் முள்ளை நகர்த்துவார். செய்தி வருவதற்கு முன் வருகிற விசில், கரகரப்பு, பாதி அரபுப் பாட்டு, யாரோ ஒருவரின் ரஷ்யப் பேச்சு, எல்லாவற்றையும் மூச்சடக்கிக் கேட்போம். செய்தியில் எந்த ஊரின் பெயர் வரப்போகிறதோ என்ற பயத்தோடு கேட்ட சத்தம் அது. மொன்றியலுக்கு வந்து சில வருடம் கழித்து ஒரு நண்பன் ஒரு இசைத்தட்டைப் போட்டுக் காட்டினான். அக்குஃபென் என்ற பெயரில் இசை செய்கிற மார்க் லெக்லேரின் ‘மை வே’, 2002இல் வந்தது. வானொலியிலிருந்து பொறுக்கிய, ஒரு செக்கனுக்கும் குறைந்த துணுக்குகளை ஆயிரக்கணக்கில் அடுக்கி ஆடவைத்திருந்தார் அந்த மொன்றியல்காரர். எல்லோரும் தாளத்துக்குத் தலையாட்ட, எனக்கு அப்பாவின் விரல் முள்ளைத் திருப்புகிறது. இவர் ஆடுகிறதற்குச் செய்ததை நான் பயந்துபோய்க் கேட்கிறேன் என்று நண்பனுக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

இந்த நகரத்தின் இலத்திரனியல் இசைக்கு அடித்தளம் போட்டவரும் ஓர் அகதிதான் என்பது நம்மவர் அதிகம் அறியாத சங்கதி. இஷ்த்வான் அன்ஹால்ட், புடாபெஸ்ற்றில் 1919இல் பிறந்த யூதர். இரண்டாம் உலகப்போரில் கட்டாய உழைப்புப் படையில் தள்ளப்பட்டுத் தப்பியவர். 1949இல் மொன்றியலுக்கு வந்து மக்கில் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். 1964இல் அங்கே இலத்திரனியல் இசைக்கூடத்தை நிறுவினார். அதற்கான கருவிகள் ஒட்டாவாவில் இருந்த ஹியூ லு கெய்ன் என்ற பௌதிகவியலாளரின் கைவேலை. லு கெய்ன் போர்க்காலத்தில் றேடார் ஆராய்ச்சியில் இருந்தவர். 1945இல் தொடங்கி ‘இலெக்ட்ரோனிக் சக்பட்’ என்ற கருவியை உருவாக்கினார். மின்னழுத்தத்தால் ஒலியை ஆளுகிற சிந்தசைசர்களில் அதுவே முன்னோடி. 1955இல் அவர் செய்த ‘ட்ரிப்சொடி’ ஒன்றரை நிமிடம்கூட வராது. ஒரே ஒரு நீர்த்துளி விழும் சத்தத்தை ரேப்பில் பிடித்து, அதன் வேகத்தைக் கூட்டிக் குறைத்து, வெட்டி ஒட்டி, துளியை மழையாக்கி மறுபடி துளியாக்கிவிடுகிறார். என் வீட்டுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் போட்டுக் காட்டுவது அதைத்தான். ஒரு துளிக்குள் இவ்வளவு இருக்கிறது என்று கேட்டபின் எந்தப் பிள்ளையும் தண்ணீர்க் குழாயைப் பழையபடி மூடுவதில்லை.

லவால் ஒரு தீவு. மொன்றியல் தீவுக்கு வடக்கே, இரண்டு ஆறுகளுக்கு நடுவில் கிடக்கிறது. மொன்றியலின் பார்க் எக்ஸ்ரென்ஷனில் சின்ன வீட்டில் நெருக்கியடித்து இருந்துவிட்டு, கையில் நாலு காசு சேர்ந்ததும் ஆற்றைக் கடந்து இங்கே வந்த தமிழ்க் குடும்பங்கள் கனபேர். நாங்களும் அப்படித்தான். 2007 சித்திரையில் ஆற்றுக்கு அடியால் மெற்றோ வந்தது. கார்த்தியே, டு லா கொன்கோர்ட், மொன்மொரென்சி என்று மூன்று நிலையங்கள். வேலைக்குப் போக மொன்மொரென்சியில் ஏறுவேன். ரயில் புறப்படும்போது மூன்று சுரம் கேட்கும். ஷட்ஜம், சுத்த மத்தியமம், மேல் ஷட்ஜம். ஊரார் ‘டு டு டு’ என்பார்கள்.

அதை எந்த இசையமைப்பாளரும் போடவில்லை. 1976இல் ஓடத் தொடங்கிய ரயில்களில், மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுக்கும் ஒரு சாதனம் இருந்தது, ரயில் குலுங்காமல் கிளம்புவதற்காக. அது படிப்படியாக வேகமெடுக்கும்போது எழுந்த சத்தமே அந்த மூன்று சுரம். அமெரிக்க இசையமைப்பாளர் ஏரன் கோப்லண்ட் 1942இல் சாதாரண மனிதருக்கென்று எழுதிய ஊதுகுழல் இசையின் முதல் மூன்று சுரமும் அதுவாக அமைந்துவிட்டது தற்செயல். 2016இல் புதிய ‘அசூர்’ ரயில்கள் வந்தன, முதலில் எங்கள் செம்மஞ்சள் தடத்தில்தான். அவற்றின் மோட்டாருக்கு அந்தச் சத்தம் இல்லை. ஆனால் நகரத்துக்கு அது இல்லாமல் முடியவில்லை. அதனால் கதவு மூடும் அறிவிப்பாக அதே மூன்று சுரத்தை ஒலிக்கவிட்டார்கள். இயந்திரத்தின் இரைச்சல் ஒரு நகரத்தின் பாட்டாகிவிட்டது. இரைச்சலில் இசை எங்கே இருக்கிறது என்று கேட்கிறவர்களுக்கு நான் வேறு பதில் வைத்திருக்கவில்லை.

நம்மவர் கேட்பது இன்னொரு கேள்வி. “பாட்டு எப்ப தொடங்கும்?” சில வருடத்துக்கு முன் ஒரு தமிழ் விழாவில் என் துண்டுகளில் ஒன்றை ஒலிக்கவிடச் சம்மதித்தார்கள். நாலாவது நிமிடத்தில் ஒலிபெருக்கியைக் குறைத்துவிட்டு, கருவியில் கோளாறு என்று மேடையில் அறிவித்தார்கள். அவர்கள் மனதறியப் பிழை செய்யவில்லை. உண்மையிலேயே கோளாறு என்றுதான் நினைத்தார்கள். அன்று வீட்டுக்கு வந்து படுக்கும்போது எனக்கு நெஞ்சு எரிந்தது. பிறகு யோசித்தேன்.

தமிழ்க் காது இயந்திர ஒலிக்குப் பழகாத காது என்று சொல்ல ஏலாது. 1986இல் ‘புன்னகை மன்னன்’ படத்தின் கருப்பொருள் இசையை வாய்பிளந்து கேட்டவர்கள் நாம்தான். 1992இல் ‘ரோஜா’ வந்தபோது, கோடம்பாக்கத்தில் ஒரு வீட்டோடு சேர்ந்த கூடத்தில் ஓர் இளைஞர் கணினியோடு தனியே இருந்து கட்டிய ஒலியை ஊரூராகக் கொண்டாடினோம். கச்சேரி மேடைகளில் தம்பூராவுக்குப் பதில் இலத்திரனியல் சுருதிப்பெட்டி இரைகிறது. ஒருவரும் குறை சொல்வதில்லை. இயந்திரம் பிரச்சினை இல்லை. அது யாருக்குப் பின்னால் நிற்கிறது என்பதே பிரச்சினை. கதாநாயகனுக்குப் பின்னாலோ பாடகருக்குப் பின்னாலோ நின்றால் ஏற்றுக்கொள்கிறோம். தனியே முன்னால் வந்து நின்றால் கோளாறு என்கிறோம். சுயாதீன இசை என்று தமிழில் சொல்லும்போது அதற்கு முதல் பொருள் சினிமாவிடமிருந்து சுயாதீனம் என்பதுதான்.

இயந்திரம் தனியே முன்னால் வந்தால் கேட்க ஆள் கிடைக்கக் காலம் எடுக்கும். பம்பாயில் சரண்ஜித் சிங் என்ற சினிமா வாத்தியக்காரர் 1982இல் ரோலண்ட் கருவிகள் மூன்றை வைத்துக்கொண்டு பத்து ராகங்களைத் தாளப்பெட்டியோடு வாசித்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். விற்கவில்லை. 2010இல் மறுபதிப்பு வந்தபோது, சிக்காகோ இளைஞர்கள் 1987இல் உலகுக்குக் கொடுத்த ‘அசிட் ஹவுஸ்’ ஒலியை இவர் ஐந்து வருடம் முந்தியே தொட்டிருக்கிறார் என்று மேற்கு வியந்தது. இருபத்தெட்டு வருடம் அந்தத் தட்டு கேட்கிற ஆளைத் தேடிக்கொண்டு கிடந்திருக்கிறது.

எங்களுடைய மாயாவை எடுத்துக்கொள்ளுங்கள். எம்.ஐ.ஏ. என்ற பெயரில் உலகம் அறிந்த மாதங்கி அருள்பிரகாசம், 1986இல் அகதியாக இலண்டனுக்குத் திரும்பிய பிள்ளை. ரோலண்ட் எம்சி-505 என்ற ஒற்றைப் பெட்டியை அவருக்கு அறிமுகப்படுத்தியவர் பீச்சஸ் என்ற கனடியக் கலைஞர். அந்தப் பெட்டியில் மாயா கட்டத் தொடங்கிய பாட்டுகளிலிருந்து 2005இல் ‘அருளர்’ வந்தது. தகப்பனின் இயக்கப் பெயரையே இசைத்தட்டுக்கு வைத்தார். ‘கலாங்’ என்ற பாட்டு அதற்கு முன் 500 இசைத்தட்டுகளாக மட்டும் வெளிவந்து கைமாறியது. எங்கள் வீடுகளில் அப்போது அதை யாரும் தமிழ்ப் பாட்டாக எண்ணவில்லை. என் கணிப்பில், ஈழத்து அகதி வாழ்க்கையின் சத்தத்தை, அதன் சொற்களைவிடச் சத்தத்தை, முதலில் பதிவுசெய்தது அந்த இசைத்தட்டுத்தான்.

இங்கே மொன்றியல் தீவுக்குத் தெற்கே, சென்-ஹூபேரில், ஹெயிற்றியிலிருந்து வந்த ஒரு குடும்பத்தின் நிலக்கீழ் அறையில் கேய்ட்ரனாடா என்ற பையன் எஃப்எல் ஸ்ரூடியோவில் இசை செய்துகொண்டிருந்தான். 2012இல் ஜனற் ஜக்சனின் பாட்டொன்றை மாற்றிக் கட்டி சவுண்ட்கிளவுட்டில் போட்டான். 2016இல் பொலாரிஸ் பரிசு, 2021இல் இரண்டு கிராமி. தமிழ்ப் பெற்றோருக்கு நான் இந்தக் கதையைச் சொல்வதுண்டு. அவர்கள் கிராமியில் நின்றுவிடுகிறார்கள். நான் சொல்லவருவது நிலக்கீழ் அறையைப் பற்றி. வெளியே பனி, மேலே அம்மாவின் காலடி, கீழே ஒரு பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு மணிக்கணக்காக ஒரே நாலு செக்கனைத் திரும்பத் திரும்பக் கேட்கிறது. அந்தப் பிள்ளை கெட்டுப்போகவில்லை. அது தனக்கென்று ஒரு மொழி தேடுகிறது. அந்தக் கதவைத் தட்டிக் குழப்பாதீர்கள்.

பகிர்வது எப்படி என்பதில்தான் நான் கனகாலம் தடுமாறினேன். இணையத்தில் ஏற்றுவது ஐந்து நிமிட வேலை. ஏற்றியபின் எண்களைப் பார்க்கிற வேலை நாள் முழுக்க. 2024இலிருந்து ஸ்பொற்றிஃபையில் பன்னிரண்டு மாதத்தில் 1000 தடவை கேட்கப்படாத துண்டுக்கு உரிமைப்பணம் கணக்கிலேயே வராது. பாண்ட்காம்ப் நியாயமானது, டிஜிற்றல் விற்பனையில் நூற்றுக்குப் பதினைந்து எடுத்துக்கொள்ளும், மிச்சத்தில் பெரும்பங்கு செய்தவருக்கு வரும். 2020 பங்குனியில் கொரோனா முடக்கத்தில் ஒரு வெள்ளிக்கிழமை தங்கள் பங்கையும் வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தார்கள். ஆனாலும் காசு என்னைத் தின்னவில்லை. எண் தின்றது. பதினொரு நிமிடத் துண்டை ஒரு வருடத்தில் 61 பேர் தொட்டிருந்தார்கள். எத்தனை பேர் முடிவுவரை இருந்தார்கள் என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அந்த நாட்களில் என்னைத் தேற்றியது இசைக்காரர் யாருமில்லை. சி.சு. செல்லப்பா. 1959இல் ‘எழுத்து’ என்ற சிறுபத்திரிகையைத் தொடங்கி, இதழ்களையும் புத்தகங்களையும் பையில் தூக்கிக்கொண்டு ஊரூராக, கல்லூரி கல்லூரியாகப் போனவர். தமிழில் புதுக்கவிதை வேர்பிடித்தது அந்தச் சில நூறு பிரதிகளில். ரொறன்ரோவில் 1990இலிருந்து ‘காலம்’ இதழ் வருவதும் அதே பிடிவாதத்தில்தான். இதை வாசிக்கிற நீங்களும் ஒரு சிறுபத்திரிகையைக் கையில் வைத்திருக்கிறீர்கள். ஆயிரம் பேர் தொடாததால் அது எழுத்தில்லை என்று உங்களிடம் யாரும் சொல்ல முடியாது. ஒலிக்கும் அப்படியொரு வழி நம்மிடம் இருக்கவேணும்.

எனவே நான் கசெற்றுக்குத் திரும்பினேன். முப்பது வெற்றுக் கசெற் வாங்கி, ஒவ்வொன்றாகப் பதிவெடுத்தேன். கசெற்றில் பதினொரு நிமிடம் பதிய பதினொரு நிமிடம் வேணும். முப்பதுக்கும் ஐந்தரை மணித்தியாலம். அவ்வளவு நேரமும் பக்கத்தில் இருந்து கேட்டேன். பெறப்போகிறவரை நினைத்துக்கொண்டு ஒவ்வொரு பிரதியையும் கேட்பது வேறொரு அனுபவம். அக்காவுக்கு என்று கேட்டபோது நீளமாகப் பட்ட இடம், தம்பிக்கு என்று கேட்டபோது போதாமல் இருந்தது.

எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி ஒரு அன்ரி இருக்கிறார். ஊரில் படிப்பித்தவர். தேவாரம் கேட்க இன்னும் ஒரு கசெற் பெட்டி வைத்திருக்கிறார். ஒரு பிரதி கொடுத்தேன். எதைப் பற்றியது என்று சொல்லவில்லை. உறையில் பெயரும் போடவில்லை. இரண்டு கிழமை கழித்து, பனி வழித்துக்கொண்டிருந்தபோது கூப்பிட்டார்.

“தம்பி, பாட்டு வரும் வரும் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். வரேல்லை.”

“இல்லை அன்ரி, அதில பாட்டு இல்லை.”

“அது விளங்கீட்டுது. விசாவுக்கு எண்டு கொழும்பில எட்டு மாசம் லொட்ஜில கிடந்தனாங்கள். இரவிரவா நித்திரை வராது. அந்த லைற் இரையிற சத்தமெல்லே அது?”

சவளோடு அப்படியே நின்றேன். அவர் தொடர்ந்தார். “பிறகு இன்னொரு சத்தம் வந்து சேருது. அது வரேக்க கொஞ்சம் ஆறுதலா இருந்தது. இன்னொருக்காப் போட்டுக் கேட்டனான்.”

ஹெர்ட்ஸும் விகிதமும் அறியாத ஒருவர் ஷட்ஜத்தையும் காந்தாரத்தையும் பெயர் சொல்லாமல் அடையாளம் கண்டுவிட்டார். அந்த முப்பதில் பதினேழு பேர் கேட்டார்கள் என்று நிச்சயமாகத் தெரியும், ஏனென்றால் பதினேழு பேரும் ஏதோ ஒன்று வந்து சொன்னார்கள். ஒருவர் பிடிக்கவில்லை என்று சொன்னார். அதையும் நேரில் வந்து சொன்னார்.

ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. என் காந்தாரத்தைத் தருகிற கியூபெக் மின்சாரம் வடக்கே பெரும் ஆறுகளை மறித்து எடுத்தது. லா கிராண்ட் ஆற்றில் அணை கட்டியபோது கிறீ பழங்குடி மக்களின் வேட்டை நிலங்கள் நீருக்குள் போயின. நிலம் இழந்த ஒருவன் இன்னொருவர் இழந்த நிலத்தின் மின்சாரத்தில் சுருதி பிடிக்கிறேன். துண்டின் ஒன்பதாவது நிமிடத்தில் 120 ஹெர்ட்ஸை நான் முழுதாக நிறுத்திவிடுவது அதற்காகத்தான்.

உங்கள் வீட்டில் ஒலிக்கடிதக் கசெற்றுகள் இருக்கும். பரணில், சப்பாத்துப் பெட்டிக்குள், பாஸ்போட்டுகளோடு. நாடா ஒட்டிப்போகும், காந்தப்பூச்சு உதிரும். இன்னும் எத்தனை காலம் தாங்கும் என்று சொல்ல முடியாது. தயவுசெய்து எடுத்துக் கணினிக்கு மாற்றுங்கள். பேச்சு முடிந்த இடத்தில் நிறுத்தாதீர்கள், நாடா தீரும்வரை ஓடவிடுங்கள். இரைச்சலை அகற்றாத பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் கருவி இல்லாவிட்டால் கொண்டுவாருங்கள். லவாலில் என்னிடம் நன்றாக ஓடுகிற கசெற் டெக் ஒன்று இருக்கிறது.